பாப்பரசரை அந்திக்கிறிஸ்து என்பது சரியா?

உங்கள் கேள்வி இதுதான்: அட்டன் பக்கத்துத் தோட்டத்தில், அயல் லயத்தில் நடக்கும் ஜெபக்கூட்டமொன்றில் பாப்பரசரே அந்திக்கிறிஸ்து என்று போதித்ததைக் கேட்டு, கத்தோலிக்கரான உங்கள் தாயார் கலங்கிப்போயிருக்கிறார், அது உண்மையா? நான் மலையகத்தில் மெதடிஸ்த சபையில் வளர்ந்தவன். அது உண்மையல்ல என்பதே என் பதில்.

அந்திக்கிறிஸ்து, அதாவது கிறிஸ்துவுக்கு எதிராளி, என்ற பெயர் வேதத்தில் யோவானின் முதலாம், இரண்டாம் நிருபங்களில் மட்டுமே வருகிறது. உலக முடிவைப் பற்றிப் பேசும் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் ஓரிடத்திலும் இல்லை. இப்பொழுதே அநேக அந்திக்கிறிஸ்துகள் இருக்கிறார்கள் என்று எழுதும் யோவான், அவர்கள் நம்மிடமிருந்தே பிரிந்து போனவர்கள் என்றும், இயேசுவே கிறிஸ்து என்பதை மறுதலிப்பவர்கள் என்றும், அவர் மாம்சத்தில் வந்ததை அறிக்கையிடாதவர்கள் என்றும் அடையாளம் காட்டுகிறார். உங்கள் தாயார் ஞாயிறு பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, யோவான் கேட்கும் அதே அறிக்கையைத்தான் வாய்விட்டுச் சொல்கிறார். இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

அப்படியானால் பாப்பரசரைச் சுட்டும் போதனை எங்கிருந்து வந்தது? பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து எழுந்த ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர், 1520ஆம் ஆண்டளவில் பாப்பரசரின் ஆட்சியையே அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி என்று எழுதினார். தேவாலயத்தில் உட்கார்ந்து தன்னைத் தேவனென்று காட்டும் பாவமனுஷனைப் பற்றிப் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய வசனங்களைச் சீர்திருத்தவாதிகள் இதற்குச் சான்றாக வைத்தார்கள். 1640களில் இங்கிலாந்தில் வரையப்பட்டு, பிரஸ்பிற்றேரியன் சபைகள் ஏற்றுக்கொண்ட வெஸ்ற்மினிஸ்டர் விசுவாச அறிக்கையிலும் இது இடம்பிடித்தது; அமெரிக்கப் பிரஸ்பிற்றேரியன் சபையினர் 1903இல் அந்த வாசகத்தை மாற்றினார்கள். உயிருக்கு அஞ்சி வாழ்ந்த அக்காலச் சீர்திருத்தவாதிகளின் கோபத்தை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. ஆனால் அந்தக் கோபத்தை அப்படியே தூக்கிவந்து, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் ஒரே பெரட்டுக்களத்தில் நின்று ஒரே மலையில் கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் மேல் இறக்கிவைப்பது பெரும் அநியாயம்.

அந்தக் குற்றச்சாட்டுக்கு மறுமொழியாக, 1590ஆம் ஆண்டளவில் ஸ்பானிய இயேசுசபைக் குரு பிரான்சிஸ்கோ ரிபேரா, அந்திக்கிறிஸ்து உலக முடிவில் தோன்றப்போகும் ஒரு தனிமனிதன் என்று விளக்கினார். பழைய திருச்சபைப் பிதாக்களும் ஏறத்தாழ அப்படியே எதிர்பார்த்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோன் நெல்சன் டார்பி என்ற போதகர் இதோடு, விசுவாசிகள் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுதல், பூமியில் ஏழாண்டு உபத்திரவம் ஆகியவற்றை இணைத்து ஓர் ஒழுங்கை அமைத்தார். 1909இல் விளக்கக் குறிப்புகளோடு வெளியான ஸ்கோபீல்ட் வேதாகமம் அதை உலகெங்கும் பரப்பியது. இன்று நமது தோட்டங்களில் நடக்கும் எழுப்புதல் கூட்டங்களில் நாம் கேட்பது பெரும்பாலும் இதுவே.

வெளிப்படுத்தின விசேஷத்தில் வருவதும், பலர் அந்திக்கிறிஸ்துவோடு இணைத்துப் பேசுவதுமான மிருகத்தின் இலக்கம் 666 பற்றியும் சொல்ல வேண்டும். ரோமப் பேரரசன் நீரோ இராயனின் பெயரை எபிரேய எழுத்துகளில் எழுதி எழுத்துக்குரிய எண்களைக் கூட்டினால் 666 வரும். அப்பெயரின் இறுதியிலுள்ள, ஐம்பது மதிப்புடைய எழுத்தை விட்டால் 616 வரும். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த எண்ணே காணப்படுகிறது. ஆகவே முதல் வாசகர்கள் தங்களைத் துன்புறுத்திய ரோம அரசையே அதில் கண்டிருப்பார்கள் என்ற விளக்கம் எனக்கு மிகவும் வலுவாகத் தோன்றுகிறது. 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது, பெற்றோல் செட் வரிசையில் நின்ற முச்சக்கரவண்டிச் சாரதியொருவர், பிளாஸ்டிக் உறையிட்ட தன் அட்டையைக் காட்டி, "ஐயா, வாங்கவும் விற்கவும் முடியாதுன்னு வேதத்துல சொன்ன முத்திரை இதுதானா?" என்று நடுக்கத்தோடு கேட்டார். அந்த முத்திரை மிருகத்தை வணங்குவோர் பெறுவது, பெற்றோல் வாங்குவதற்கு யாரையும் வணங்கச் சொல்லவில்லையே என்று அதே நூலின் பதினான்காம் அதிகாரத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

இப்படிச் சொல்வதால், வரப்போகும் ஒருவனைப் பற்றிய போதனை முழுவதையும் நான் தள்ளிவிடவில்லை. கர்த்தரின் வருகைக்கு முன் பாவமனுஷன் வெளிப்படுவான் என்று பவுல் தெளிவாகவே எழுதுகிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், மனிதன் கடவுளின் இடத்தில் தன்னையே மகிமைப்படுத்தும் வஞ்சகமாக அந்திக்கிறிஸ்துவை விவரித்து, வருகைக்கு முந்திய இறுதிச் சோதனையைப் பற்றிப் பேசுகிறது. இந்த எதிர்பார்ப்பில் உங்கள் தாயாரின் சபைக்கும் அந்த ஜெபக்கூட்டத்தாருக்கும் பெரிய பிணக்கில்லை. பெயர் குறித்துச் சொல்லும் அதிகாரத்தைத்தான் வேதம் எந்தப் போதகருக்கும் கொடுக்கவில்லை; இரண்டாம் நூற்றாண்டிலேயே திருச்சபைப் பிதாக்களில் ஒருவரான ஐரேனியஸ் 666க்குப் பொருந்தும் பல பெயர்களை ஆராய்ந்து பார்த்தும், எதையும் உறுதியாகச் சொல்ல மறுத்துவிட்டார்.