‘சீல் பிரிக்காதது’ என்ற சொல்லுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விண்வெளி வீடியோ கேம் ஃபிகர்களைப் (கதாபாத்திரங்களின் சேகரிப்புப் பொம்மைகளைப்) பற்றியவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ‘மெட்ராய்ட்’ விளையாட்டின் நாயகி சேமஸின் ஃபிக்மா (மூட்டுகள் அசையும் ஜப்பானியப் பொம்மை வரிசை) ஃபிகர் ஒன்றை ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கினேன். பெட்டி இல்லாமல் பிளாஸ்டிக் உறையில் வந்தது. “அதே ஃபேக்டரியில் மிஞ்சிய சரக்கு, பெட்டி மட்டும்தான் இல்லை” என்கிறார். வலது கைப் பீரங்கி நிற்காமல் கழன்று விழுகிறது. போலியா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: ‘ஃபேக்டரியில் மிஞ்சிய சரக்கு’ என்பது போலி விற்பவர்களின் பழைய பல்லவி. ஆனாலும் சோதித்துப் பார்த்துவிட்டே சண்டைக்குப் போங்கள்.

முதலில் கவசத்தின் விளிம்புகள். நல்ல போலிகளில் பல, அசல் பொம்மையிலிருந்தே அச்சு எடுத்து வார்த்தவை. வார்த்த பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். அதனால் நகல் அசலைவிட ஒரு நூல் சிறியதாக, கோடுகள் ஆழமில்லாமல், ஓரங்கள் கரைந்த சோப்புக்கட்டி மாதிரி மழுங்கி இருக்கும். மூட்டு ஆணியும் அது நுழையும் துளையும் ஒரே அளவில் சுருங்காததால்தான் கை கழன்று விழுகிறது. அடுத்து, தோள்பட்டையில் இரண்டு நிறங்கள் சந்திக்கும் கோட்டை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நிறம் மற்றதற்குள் வழிந்திருந்தாலோ, மேற்பரப்பு முழுக்க எண்ணெய் தடவினாற்போலப் பளபளத்தாலோ சந்தேகம் வலுக்கும். கடைசியாக உரிமைக் குறி: உடலின் மறைவான பகுதியிலோ ஸ்டாண்டின் அடியிலோ பொடி எழுத்தில் இருக்கும். போலியில் அது இல்லாமலே போகும், அல்லது எழுத்துகள் உருக்குலைந்திருக்கும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அசலிலும் தளர்ந்த மூட்டு வருவதுண்டு. இரண்டு மூன்று சேர்ந்தால் போலிதான்.

வாங்கிய தளத்தில் கொடுக்கும் புகாரில் ‘போலிப் பொருள்’ என்று எழுதுங்கள். ‘எதிர்பார்த்தபடி இல்லை’ என்று எழுதினால் வழக்கு வலுவிழக்கும். தயாரிப்பாளர் வெளியிட்ட படமும் உங்கள் படமும் ஒரே கோணத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். “பாதிப் பணம் தருகிறேன், புகாரை மூடிவிடுங்கள்” என்பார் விற்றவர். மூடாதீர்கள், மூடிய புகாரைப் பெரும்பாலும் மறுபடி திறக்க விடமாட்டார்கள். திருப்பி அனுப்பினால் டிராக்கிங் எண்ணோடு மட்டுமே அனுப்புங்கள். கார்டில் கட்டியிருந்தால், தளம் கைவிரித்தாலும் கார்டு கொடுத்த வங்கியிடம் முறையிடலாம். ஏமாந்துவிட்டோமே என்று கூசாதீர்கள். பொய் சொன்னவர் அவர்.

கேள்வி: ‘ஹேலோ’ விளையாட்டின் நாயகன் மாஸ்டர் சீஃப் ஃபிகர், விற்பவர் ஒரே ஒரு படம்தான் போட்டிருக்கிறார். வேறொருவர் காத்திருக்கிறாராம், இன்றே பணம் அனுப்பச் சொல்கிறார். அனுப்பட்டுமா?

பதில்: காத்திருப்பவரே வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: அண்ணன் விட்டுப்போன அட்டைப்பெட்டியில் ‘ஹேலோ’ ஃபிகர்கள் ஏழு இருக்கின்றன. யார் செய்தது, எப்போது செய்தது, என்ன பெறும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதல் ‘ஹேலோ’ விளையாட்டு வந்தது 2001-இல். அதன்பிறகு ஃபிகர் செய்யும் உரிமை பல கைகள் மாறியது. ஆரம்பத்தில் ஜாய்ரைடு, 2008 முதல் மெக்ஃபார்லேன், இடையில் மேட்டல், 2020 முதல் ஜாஸ்வேர்ஸ். பாதத்தின் அடி, தொடையின் பின்புறம், முதுகு மூன்றிலும் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத அச்செழுத்து, சாய்த்துப் பிடித்தால் நிழலோடு எழுந்து நிற்கும். அங்கே உள்ள ஆண்டைத் தயாரித்த ஆண்டென்று நம்பிவிடாதீர்கள். அது உரிமைக்குரிய ஆண்டு. அதே அச்சில் பின்னால் மறுபதிப்பு வந்தாலும் பழைய ஆண்டே இருக்கலாம்.

பிறகு பாதம் முதல் ஹெல்மெட் உச்சிவரை அளந்துகொள்ளுங்கள். கவசத்தோடு மாஸ்டர் சீஃப் ஏறத்தாழ 7 அடி, அதாவது 213 செ.மீ. 1/18 அளவில் அது 12 செ.மீ. அருகில் வரும், 1/12 என்றால் 18, 1/6 என்றால் 35.5. பெட்டியில் போடும் அளவெண் தோராயம்தான், இருந்தாலும் எந்த வரிசையைச் சேர்ந்தது என்று குறுக்கிக்கொள்ள உதவும்.

ஆயுதத்தைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். தொலைந்த துப்பாக்கிக்குப் பதில் வேறு வரிசையின் துப்பாக்கியைச் சொருகி ‘முழுமையானது’ என்று விற்பது சர்வசாதாரணம். பிடி விரல்களுக்குள் ஆடினாலோ, பிளாஸ்டிக்கின் கருமை கவசத்தின் கருமையோடு ஒட்டாமல் நின்றாலோ அது வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்த துப்பாக்கி. பெட்டிப் பின்பக்கப் படத்தோடு ஒப்பிட்டுத் தீர்மானியுங்கள்.

விலைக்கு, விற்பவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். கேட்க யாரும் எவ்வளவும் கேட்கலாம். விற்று முடிந்தவை என்று வடிகட்டி, அண்மை மூன்று மாதங்களில் கைமாறியவற்றில் உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதை எடுங்கள். பெட்டியில்லாததைப் பெட்டியில்லாததோடு மட்டுமே ஒப்பிடுங்கள். மறுபதிப்பு அறிவிப்பு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது வந்தால் பழையதன் விலை இறங்கும்.

கேள்வி: பத்து வருடப் பழைய ஃபிகர், சீல் பிரிக்காதது என்று அதிக விலை கொடுத்து வாங்கினேன். பிரித்தால் உடம்பெல்லாம் பிசுபிசுப்பு, ஒரு கால் வளைந்திருக்கிறது. சீல் உடையாத பொருள் எப்படிக் கெடும்?

பதில்: இந்தச் ‘சீல்’ மோகத்தைப் பற்றி ரொம்ப நாளாகவே எழுத நினைத்திருந்தேன்.

சீல் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: யாரும் திறக்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. பிவிசி பிளாஸ்டிக் வளைந்துகொடுக்க அதில் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள ரசாயனம் சேர்க்கிறார்கள். நாளாக ஆக அது மெல்ல மேற்பரப்புக்குக் கசியும். காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள், அதுவும் வெப்பமான அறையில் கிடந்தால், கசிந்தது போக வழியில்லாமல் தோல்மேலேயே படியும். உங்கள் பிசுபிசுப்பு அதுதான். கவசத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மென்மையான குழாய், பட்டை இருந்தால் இன்னும் மோசம். அந்த ரசாயனம் கடினமான பிளாஸ்டிக்கையும் பெயின்ட்டையும் தின்று தழும்பு போட்டுவிடும். கால் வளைந்ததற்குக் காரணம், பெட்டியின் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தட்டுக்குள் நெருக்கிப் பொருத்தியதும் வெப்பமும்.

அந்தச் சீலே உண்மையா என்பது வேறு கதை. திறந்து மூடிய பெட்டியில் டேப்பின் ஓரத்தில் பழைய டேப்பின் தடம் இரண்டாவது கோடாகத் தெரியும். அடியில் தூசியோ, பிய்ந்து எழுந்த அட்டை நாரோ சிக்கியிருக்கும். அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழ் என்றால் விளிம்பைச் சாய்வு வெளிச்சத்தில் பாருங்கள். தொழிற்சாலை ஒட்டு சீராக இருக்கும். வீட்டில் ஒட்டியதில் பசை அங்கங்கே மினுங்கும். இதையெல்லாம் பார்க்காமல் ‘சீல்டு’ என்ற ஒரு சொல்லுக்கு இரட்டை விலை கொடுப்பவர்கள் இருக்கும்வரை விற்பவர்களும் டேப் உருளையோடு உட்கார்ந்திருப்பார்கள். நானே அப்படி ஒன்று வாங்கி, உள்ளே தட்டோடு ஒட்டிப்போன மேலங்கியைப் பார்த்தவன்.

இப்போது உங்களுடையதைக் காப்பாற்றலாம். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, குழந்தைகளுக்கான மென்மையான டூத் பிரஷால் தேய்த்து, ஒரு நாள் நிழலில் உலர்த்துங்கள். ஆல்கஹால், தின்னர் பக்கமே போகாதீர்கள், பெயின்ட் வந்துவிடும். பிசுபிசுப்பு திரும்ப வரலாம். வந்தால் மறுபடி கழுவ வேண்டியதுதான். வளைந்த காலை ஏறக்குறைய 70 டிகிரி நீரில் ஒரு நிமிடம் வைத்து, இளகியதும் நேராக்கி, பிடித்தபடியே குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். பிடியைத் தளர்த்திவிட்டுக் குளிர வைத்தால் பழைய வளைவுக்கே போகும்.

கேள்வி: தர நிறுவனம் 85 மதிப்பெண் கொடுத்து அக்ரிலிக் பெட்டியில் அடைத்த ஃபிகர். நம்பி வாங்கலாமா?

பதில்: ஏஎஃப்ஏ (ஃபிகர்களுக்குத் தர மதிப்பெண் போடும் நிறுவனம்) முறையில் 85 நல்ல மதிப்பெண்தான். ஆனால் அது வெளியே தெரிவதற்குக் கொடுத்தது. மூட்டு உறைந்திருக்கிறதா என்று அடைத்த பெட்டிக்கு வெளியிலிருந்து யாரும் திருகிப் பார்க்கவில்லை. அலமாரியில் வைக்க வாங்கினால் சரி, கையில் எடுத்து நிறுத்த வாங்கினால் வீண்.

கேள்வி: ‘டெட் ஸ்பேஸ்’ விளையாட்டு நாயகன் ஐசக்கின் ஃபிகர் வந்தது. முழங்கை திரும்பவில்லை, கொஞ்சம் அழுத்தினேன், ‘டக்’ என்று ஆணி முறிந்தது. குறையுள்ள பொருள் என்று திருப்பி அனுப்பலாமா?

பதில்: குறை பொருளில் இல்லை. திரும்பாத மூட்டில் பெரும்பாலும் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஹேர் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து அரை நிமிடம் சூடாக்கி, மூட்டுக்கு மிக அருகில் இரு பக்கமும் பிடித்து, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்திருந்தால் விட்டுக்கொடுத்திருக்கும். நீங்கள் உள்ளங்கைப் பக்கம் பிடித்து நெம்பியிருப்பீர்கள். விற்றவரிடம் ‘அப்படியே வந்தது’ என்று சொல்லப் போகிறீர்கள் என்றால், இந்தப் பகுதிக்கு எழுதாதீர்கள். முறிந்த இடத்தில் பசை மட்டும் நிற்காது. இரண்டு துண்டிலும் 1 மி.மீ. துளையிட்டு, கம்பி நுழைத்து ஒட்டுங்கள். சூப்பர் குளூ என்றால் ஹெல்மெட்டைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு ஒட்டுங்கள், அதன் ஆவி பக்கத்தில் உள்ள பகுதிகளில் வெள்ளைப் புகை படிய வைக்கும்.

கேள்வி: வெள்ளைக் கவசம் மஞ்சளாகிவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்தால் வெளுக்குமாமே?

பதில்: பெயின்ட் அடிக்காத வெறும் பிளாஸ்டிக்குக்குச் செய்வார்கள். உங்களுடையதில் சின்னங்களும் சேர்ந்து வெளுக்கும். வேண்டாம்.

கேள்வி: ஹெல்மெட்டின் முகக்கண்ணாடி ஒளிரும் மாடல். எரியவில்லை, “பேட்டரி தீர்ந்திருக்கும், வேறொன்றும் இல்லை” என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: பேட்டரிதான் காரணமென்றால், புதிது போட்டு எரியவிட்டு வீடியோ அனுப்புவதில் அவருக்கு என்ன கஷ்டம்? மறுத்தால் பேட்டரி அறையைத் திறந்து படம் கேளுங்கள். தகட்டில் வெள்ளைப் பொடி இருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. தகட்டோடு நின்றிருந்தால் வெள்ளை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து உலர்த்திச் சரிசெய்யலாம். பச்சை நிறம் ஒயருக்குள் ஏறியிருந்தால் தலையையே பிரித்து ஒயர் மாற்ற வேண்டும். ஒளிராத மாடலின் விலைக்குக் குறைத்துக் கேளுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். வாங்கினால், அலமாரியில் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.