ஒரு மைக், இரண்டு ரிக்: கேள்வி பதில்

ஒரே மைக்கை இரண்டு ரிக்குக்கு (ரிக் என்றால் பேசவும் கேட்கவும் உதவும் வானொலிக் கருவி) மாற்றித் தரும் பெட்டி பற்றி, கொடைக்கானல் மேல்மலை, கீழ்மலை ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் கைப்பழக்கத்திலிருந்து பதில்கள்.

பெருமாள்மலை நண்பர்: அண்ணே, எச்.எஃப். (சிற்றலை) ரிக் ஒன்று, 2 மீட்டர் அலைவரிசை ரிக் ஒன்று வைத்திருக்கிறேன். அவசரத்தில் மைக்கை மாற்றி எடுத்து, ஆளில்லாத அலைவரிசையில் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரே மைக்கை இரண்டுக்கும் பயன்படுத்த வழி உண்டா?

தம்பி, எல்லோருக்கும் நடப்பதுதான். கடையில் 4 போல் 3 வே ரோட்டரி ஸ்விட்ச் (நான்கு வயர்களை ஒரே திருப்பில் மூன்று நிலைகளுக்கு மாற்றுவது) கேளுங்கள். ஒன்றை விட்ட பிறகே அடுத்ததைத் தொடும் வகையாக இருக்கட்டும். இல்லையென்றால் திருப்பும்போது இரண்டு ரிக்கும் ஒரு கணம் ஒட்டிக்கொள்ளும்.

நான்கு போல் எதற்கு என்றால் மைக் ஒலி, மைக் கிரவுண்ட், பிடிடி (அமுக்கிப் பேசும் பட்டன்), பிடிடி கிரவுண்ட் நான்கையும் தனித்தனியாக மாற்றத்தான். 'கிரவுண்ட் எல்லாம் ஒன்றுதானே' என்று சேர்த்து முடிச்சுப் போடுவதில்தான் வினை ஆரம்பிக்கிறது. இரண்டு ரிக்கும் பவர் சப்ளையின் மைனஸில் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன. மைக் பக்கமும் சேர்த்தால் ஒரு வளையம் உண்டாகி, ரிக் இழுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்த மெல்லிய வயர் வழியாகவும் ஓடும். மைக் தருவது சில மில்லிவோல்ட்தான். அதன்மேல் 'உம்ம்' என்று முனகல் ஏறிவிட்டால் எதிர்முனைக்காரர் காதைப் பொத்திக்கொள்வார்.

மூன்றாவது நிலையை எதிலும் இணைக்காமல் காலியாக விடுங்கள். வீட்டுக் குழந்தை பிடிடியை அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது.

பண்ணைக்காட்டு நண்பர்: ஒரு ரிக் ஐகாம், இன்னொன்று கென்வுட். இரண்டிலும் 8 பின் வட்ட சாக்கெட்தானே, அப்படியே நேருக்கு நேர் இணைக்கலாமா?

கூடவே கூடாது. சாக்கெட் உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள்தான், குணம் வேறு. கென்வுட்டில் 2ஆம் பின் பிடிடி. ஐகாமில் அதே 2ஆம் பின்னில் 8 வோல்ட் வருகிறது, பிடிடி 5ஆம் பின். மைக் ஒலி இரண்டிலும் 1, மைக் கிரவுண்ட் இரண்டிலும் 7. பிடிடி கிரவுண்ட் ஐகாமில் 6, கென்வுட்டில் 8. உங்கள் மாடலின் கையேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மைக்கில் அதிர்வெண்ணை மேலே கீழே நகர்த்தும் பட்டன்களை இந்தப் பெட்டி வழியாகக் கொண்டுபோக முயலாதீர்கள். இரண்டு கம்பெனியும் அதை வேறு வேறு விதமாகச் செய்கின்றன, தலைவலிதான் மிஞ்சும்.

இன்னொன்று. ஐகாமின் மைக் பின்னில் சிறிய டி.சி. இருக்கும். மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் எலெக்ட்ரெட் மைக்குக்கு அதுதான் சாப்பாடு. காந்தமும் சுருளும் கொண்ட டைனமிக் மைக்குக்கு ஆகாது. டைனமிக் என்றால் அந்த ரிக்குக்குப் போகும் ஒலி வயரில் தொடராக ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள், பிளஸ் முனை ரிக் பக்கம்.

தாண்டிக்குடி நண்பர்: பிளாஸ்டிக் டப்பாவில் செய்தேன். எச்.எஃப். ரிக்கில் 40 மீட்டர் அலைவரிசையில் பேசினால் என் குரல் கீச்சிட்டு உடைகிறதாம். 2 மீட்டரில் சுத்தமாக இருக்கிறது.

என் முதல் பெட்டி சோப்பு டப்பாவில் செய்தது, அதுவும் இப்படித்தான் கத்தியது. உங்கள் ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் சிக்னலே மைக் வயரில் ஏறி, ஆம்ப்ளிஃபயருக்குள் திரும்பப் போகிறது. உலோகப் பெட்டிக்கு மாறுங்கள். அலுமினியம் கிடைக்காவிட்டால் பழைய தகர பிஸ்கட் டப்பா போதும், அதில் ஈயமும் நன்றாகப் பிடிக்கும். எல்லாம் ஷீல்டு வயராக இருக்கட்டும். ஒலிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே, 470 பிகோஃபாரட் செராமிக் ஒன்று. கேபிளில் ஃபெரைட் வளையம் போட்டு நான்கைந்து சுற்று. கேபிள்களை ரப்பர் குரோமெட் வழியாக உள்ளே விடுங்கள். டப்பாவை எச்.எஃப். கேபிளின் ஷீல்டோடு மட்டும் சேருங்கள். இரண்டோடும் சேர்த்தால் முதல் பதிலில் சொன்ன வளையம் கொல்லைப்புறமாக வந்துவிடும்.

கொடைக்கானல் நண்பர்: என் பெட்டியில் ஏதோ இரைகிறது. பக்கத்தில் இருக்கும் பண்பலை கோபுரம்தான் காரணம் என்கிறார் நண்பர்.

பாவம், 100.5 மெகாஹெர்ட்ஸ் கொடைக்கானல் பண்பலை மேல் பழி. எஃப்.எம். அலையின் உயரம் மாறாது, அதிர்வெண்தான் மாறும். டயோடு போல நடக்கும் ஒரு கெட்ட இணைப்பு அதை வாங்கினாலும் பாட்டாக வெளியே வராது. பேசும்போது மட்டும் இரைந்தால் தாண்டிக்குடிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். பேசாதபோதும் இரைந்தால் கிரவுண்டைப் பாருங்கள்.

மன்னவனூர் நண்பர்: மஞ்சு இறங்கும் மாதங்களில் ஸ்விட்ச் கரகரக்கிறது. ரிலேக்கு மாறலாமா?

ஈரத்தில் தொடுபுள்ளிகள் கறுக்கின்றன. பெரிய மின்சாரம் ஓடினால் அந்தப் படலத்தை அதுவே எரித்துவிடும். மில்லிவோல்ட்டுக்கு அந்தத் தெம்பு கிடையாது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பத்து முறை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ரிலேதான் வேண்டுமென்றால் தங்க முலாம் பூசிய சிறிய சிக்னல் ரிலே. மோட்டார் ஓட்டும் பெரிய ரிலே இதற்கு ஆகாது.

பூம்பாறை நண்பர்: இடி மின்னலின்போது காலி நிலையில் திருப்பி வைத்தால் போதுமா?

மின்னல் மைக் வழியாக வருவதில்லை, சார். ஆன்டெனா கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுங்கள், பவர் சப்ளை பிளக்கையும் பிடுங்குங்கள். அதுவும் வானம் கறுக்கத் தொடங்கும்போதே. சத்தம் கேட்ட பிறகு கேபிளைத் தொடாதீர்கள்.