கிட்டார் ஆம்பில் சத்தம் வந்தால் எல்லா வால்வையும் மாற்ற வேண்டுமா? நாமே மாற்றலாமா?

சில சுரங்களை வாசிக்கும்போது கூடவே ஒரு ரீங்காரம் வருகிறது, எல்லா வால்வையும் (ஆம்புக்குள் சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களை) மாற்றிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எது கெட்டிருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். எனக்கும் இதே ரீங்காரம் வந்தது. ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய பவர் வால்வுகள் தேய்ந்துவிட்டன என்று நானாக முடிவு செய்து புது ஜோடி வாங்கிப் போட்டேன். சத்தம் அப்படியே இருந்தது. கோளாறு முன்னால் இருந்த ஒரு சின்ன வால்வில்தான்.

அந்தச் சின்ன வால்வு பெரும்பாலான ஆம்ப்களில் 12ஏஎக்ஸ்7. இசிசி83 என்றாலும் அதுதான். கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை முதலில் பெருக்குவது இதன் வேலை. உள்ளிருக்கும் பாகங்கள் கொஞ்சம் தளர்ந்தால் போதும், ஸ்பீக்கரின் அதிர்வு அவற்றை ஆட்டி, வால்வே மைக் போல ஆகிவிடும். ஆம்பை ஆன் செய்து, வால்யூமைப் பாதிக்கு வைத்து, காய்ந்த மரக்குச்சியால் ஒவ்வொரு வால்வையும் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல வால்விலும் லேசாக 'டொக்' என்று கேட்கும், முதல் வால்வில் இன்னும் சற்றுக் கூடுதலாக. அதற்குப் பயப்பட வேண்டாம். கெட்ட வால்வு மணி அடித்த மாதிரி இழுத்து ஒலிக்கும். பிறகு ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, அந்த இடத்தில் நல்லது என்று தெரிந்த ஒன்றைப் போட்டுப் பாருங்கள். இந்தச் சின்ன வால்வுகளுக்கு பயஸ், அதாவது சும்மா இருக்கும்போது வால்வு இழுக்கும் கரன்டின் அளவு, பார்க்க வேண்டியதில்லை. தாராளமாக நீங்களே மாற்றலாம். பின்கள் வளையாமல், நேராக இறக்குங்கள்.

பவர் வால்வு விஷயம் வேறு. 6எல்6, இஎல்34 போன்றவற்றை ஒரே அளவில் கரன்ட் இழுக்கும் ஜோடியாக வாங்க வேண்டும். உங்கள் ஆம்ப், கரன்டைத் தானே சரிசெய்துகொள்ளும் கேத்தோடு பயஸ் வகையாக இருந்தால், அதே ரக ஜோடியைப் போட்டாலே பெரும்பாலும் போதும். ஃபிக்ஸட் பயஸ் என்றால் மாற்றிய பிறகு கட்டாயம் அளந்து சரிசெய்ய வேண்டும். இந்தப் பெயரை வைத்து, பயஸ் நிலையானது, தொட வேண்டாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை நேர் எதிர். வழக்கமான கணக்கு, வால்வு தாங்கும் வாட்டில் 70 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது. இஎல்34 தாங்குவது 25 வாட், அதில் 70 சதவீதம் 17.5 வாட். பிளேட் என்னும் உள் தகட்டில் 450 வோல்ட் இருந்தால் ஒரு வால்வுக்கு ஏறக்குறைய 39 மில்லி ஆம்பியர். கரன்ட் ரொம்பக் கூடினால் அந்த உலோகத் தகடு செக்கச் சிவந்து எரியும். கண்டதும் ஆஃப் செய்யுங்கள்.

ஆனால் இந்த 450 வோல்ட் ஆளைக் கொல்லும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். அதைப் பாதுகாப்பாக வடிக்கத் தெரியாதவர் சேஸிஸை (சர்க்யூட் இருக்கும் உலோகப் பெட்டியை) திறக்கவே கூடாது. பயஸ் வைப்பதைத் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். நானும் பல வருடம் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணால் பார்த்தே சிலவற்றைச் சொல்லிவிடலாம். கண்ணாடிக்குள் வெள்ளி போலப் படிந்திருக்கும் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. பவர் வால்வின் கண்ணாடியை ஒட்டித் தெரியும் நீல ஒளியோ ஒன்றும் செய்யாது.

இத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கணக்கு எதுவும் இல்லை. பவர் வால்வுகள் சீக்கிரம் தேயும். சின்ன வால்வுகள் பல வருடம் உழைக்கும். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்பை ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ் மட்டும் போடுங்கள். அதுவும் உடனே போனால் பவர் வால்வைச் சந்தேகப்படுங்கள். வாசித்து முடித்த சூட்டோடு ஆம்பைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் கொஞ்சம் ஆறவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. தட்டிப் பார்த்தும் பிடிபடாவிட்டால், வால்வுகளின் மேல் மூடியிருக்கும் உலோகக் குப்பிகளையும் ஸ்பீக்கரின் திருகுகளையும் அழுத்திப் பாருங்கள். அவை தளர்ந்திருந்தாலும் குறிப்பிட்ட சில சுரங்களுக்கு மட்டும் இதே மாதிரி சத்தம் வரும்.