சிங்கராஜ வனத்தில் குள்ள மீன்கொத்தியைப் பார்ப்பது எப்படி?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "சிங்கராஜ வனத்துக்கு இரண்டு முறை போய்விட்டேன். குள்ள மீன்கொத்தியை ஒழுங்காகப் பார்க்கக் கிடைக்கவில்லை. ஓடைக்கு மேலே செம்மஞ்சளாக ஏதோ பறந்ததோடு சரி. மார்ச்சில் மறுபடி போகிறேன். என்ன செய்யலாம்?"

அந்தச் செம்மஞ்சள் கீற்று அநேகமாக அதுவேதான். அது பறந்த பிறகும் நீங்கள் நடந்துகொண்டே இருந்திருப்பீர்கள். இந்தமுறை அந்த இடத்திலேயே உட்காருங்கள். அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் அதே ஓடை வழியாக அது திரும்பி வர நல்ல வாய்ப்பு உண்டு.

கந்தளாய்க் குளக்கட்டில் மின்கம்பியில் பகிரங்கமாக உட்கார்ந்திருக்கும் வெண்தொண்டை மீன்கொத்தியைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. குள்ள மீன்கொத்தியின் பழக்கமே வேறு. அலகோடு சேர்த்து 13 சென்ரிமீற்றர்தான், சிட்டுக்குருவியைவிடச் சிறியது. மீனை மட்டும் நம்பியிருக்காமல் பூச்சி, சிலந்தி, சிறு நண்டு, தவளை எல்லாம் பிடிக்கும். அதனால் ஓடையோரப் புதருக்குள் தாழ்ந்த கொப்பே அதற்குப் போதும். மழைக்காட்டுக்குப் போனால் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறோம். நீங்கள் முழங்காலிலிருந்து இடுப்பு உயரம் வரை தேடுங்கள். மஞ்சள் வயிறும் கருநீல இறக்கையும் காட்டு நிழலில் மங்கிப்போகும். பவளச் சிவப்பு அலகுதான் முதலில் தெரியும்.

அதற்கும் முன்னால் காது வேலை செய்ய வேண்டும். பறக்கும்போது கூர்மையாக, மெல்லியதாக 'சீ' என்று ஒரு சத்தம் போடும். இதற்கு ஊரிலேயே பயிற்சி எடுக்கலாம். நம் வயல் வாய்க்கால்களில் இருக்கும் சிறு நீல மீன்கொத்தியும் தண்ணீரை ஒட்டி நேர்கோட்டில் பறந்தபடி கத்தும். ஒரு வாரம் காலையில் போய், கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று கணியுங்கள். குள்ளனுடையது அதைவிட மெலிசு, அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்ச் நல்ல தெரிவு. மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் ஓடையின் இரைச்சலில் அந்தச் 'சீ' அமுங்கிவிடும். வழிகாட்டியிடம் முதலிலேயே, "நிறையப் பறவை வேண்டாம், ஓடையோரம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் நடத்திக்கொண்டே போவார். எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி போதும். ஆனால் மூன்று நான்கு மீற்றரிலும் தெளிவாகக் காட்டுகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அப்புறம் அட்டை: உட்கார்ந்திருப்பவரைத் தேடி வரும், முழங்கால் வரை இறுக்கமான காலுறை அவசியம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கைபேசியில் அதன் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். கூடு வைத்திருக்கும் பறவைக்கு அது தொந்தரவு. ஓடைக்கரை மண்ணில் வளை தோண்டித்தான் குள்ள மீன்கொத்தி கூடு வைக்கும். அலகில் இரையோடு ஒரே கொப்பில் தயங்கிக்கொண்டிருந்தால், வளை பக்கத்தில் இருக்கிறது, நீங்கள் வழியை மறித்திருக்கிறீர்கள். படம் எடுக்க நிற்காமல் உடனே பின்வாங்கிவிடுங்கள்.