ஒன்றாம் தேதிச் சம்பளம்

அன்புள்ள ஐயா,

வயது 44. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 17 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு மாலை அழைத்து, “நாங்கள் நீக்கினால் அடுத்த வேலைக்குச் சிக்கல், நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள்” என்றார்கள். கொடுத்துவிட்டேன். வீட்டில் மனைவியிடமும் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளிடமும் இன்னும் சொல்லவில்லை. தினமும் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிக் கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மனைவியின் கணக்கில் ஒன்றாம் தேதிச் ‘சம்பளம்’ போடுவது நிற்கவில்லை. முதல் தடவை சேமிப்பிலிருந்து, அடுத்த தடவை கிரெடிட் கார்டில் எடுத்து. கிராஜுவிட்டி (வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை) கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தூக்கமில்லை. ஒரு காலத்தில் விடிய விடிய வாசித்தவன். இப்போது ஒரு பக்கம் நகரவில்லை. வாசிக்க ஏதாவது சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

புத்தகம் எதையும் சொல்லப்போவதில்லை. உங்களால் வாசிக்க முடியாமல் இருப்பதில் வியப்பும் இல்லை. வியன்னாவுக்கு அருகே மாரியன்தால் என்றொரு ஆலைக் கிராமம். 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டு ஊரே வேலை இழந்தது. மாரி யஹோடா என்ற சமூக உளவியலாளரும் அவருடைய தோழர்களும் அங்கே சென்று ஊரைக் கவனித்து, 1933இல் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த ஊர் நூலகத்தில் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள், நேரமோ கொட்டிக் கிடந்தது. ஆனாலும் இரவல் போன புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், நாலடிக்கு ஒருமுறை நின்றார்கள். பகலில் என்ன செய்தோம் என்று எழுதச் சொன்னால் அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். அரைக் காசில் முழுக் குடும்பத்தை ஓட்டும் வேலை அவர்களிடம் இருந்தது.

உங்கள் நாளும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஒரு வித்தியாசம், அந்த ஊரில் யாரும் யாரிடமும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. நீங்கள் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறீர்கள். வேலை தேடுவதைவிட வேலையில் இருப்பதாக நடிப்பது களைப்பான வேலை.

மானம் போகிறது என்பது உங்கள் கவலை. எனக்குப் பணம்தான் கவலை. கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், ஆண்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டி. நகைக்கடன் வட்டி அதில் கால் பங்கு, மிஞ்சினால் அரைப் பங்கு. ஆனால் நகை மனைவியிடம் இருக்கிறது. வீட்டுக்கடன் இருந்தால், தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போய்த் தவணையை மாற்றியமைக்கக் கேட்கலாம். 90 நாள் கடந்தால் அது வாராக்கடன் கணக்கில் ஏறிவிடும். மனைவி இணைக்கடனாளி என்றால் அங்கேயும் அவர் கையெழுத்து வேண்டும். குறைந்த வட்டிக்குப் பணம் கிடைக்கும் வழி எல்லாமே அவர் வழியாகத்தான் போகிறது. அவரிடம் மறைத்தால் மிஞ்சுவது கார்டும் கைப்பேசிக் கடன் செயலிகளும்தான்.

பி.எஃப். பணத்தைத் தொடவே கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அதற்கு வட்டி 8.25 சதவீதம். அதைக் காப்பாற்றுவதற்காக 40 சதவீதக் கடனில் வாழ்வது என்ன கணக்கு? தேவையான அளவு எடுத்துக் கார்டுக் கடனை முதலில் அடைத்துவிடுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றும் இருக்கிறது: மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். உங்கள் மனைவியின் கைப்பையில் அந்த அட்டை இன்னும் இருக்கும். ஏதோ ஒரு நள்ளிரவில் மருத்துவமனை கவுண்டரில் அதை நீட்டி, “இது செல்லாதும்மா” என்று அங்கிருப்பவர் சொல்லி அவருக்கு விஷயம் தெரியவேண்டுமா? ஒரு குடும்பக் காப்பீடு இந்த வாரமே எடுங்கள். மற்ற செலவைக் குறைத்தாவது எடுங்கள்.

கிராஜுவிட்டிக்கு ஏன் கூச்சம்? அவர்கள் தருவது தானம் இல்லை. ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு 1972 முதல் சட்டம் கொடுத்த உரிமை அது. ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திட்டதால் போய்விடாது. கடைசி மாதச் சம்பளத்தில் சட்டம் கணக்கில் எடுக்கும் தொகையை (அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி போன்றவை) 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை உங்களுக்கு 45,000 என்று வைத்துக்கொண்டால் 17 ஆண்டுக்கு 4 லட்சத்து 41 ஆயிரம் சொச்சம். 30 நாளில் தந்திருக்க வேண்டும், தாமதத்துக்கு வட்டியும் உண்டு. மின்னஞ்சலில், தேதி போட்டு, எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் “பார்க்கிறோம் சார்” என்பார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

மனைவியிடம் இன்றிரவே சொல்லுங்கள். மன்னிப்பில் ஆரம்பிக்காதீர்கள், அவர் உங்களைத் தேற்றும்படி ஆகிவிடும், கணக்குப் பேச நேரம் இருக்காது. வங்கிக் கணக்கையும் கார்டு பில்லையும் மேசையில் விரித்து வைத்துவிட்டுச் சொல்லுங்கள். அவர் கோபப்படுவார், வேலை போனதற்காக அல்ல, இரண்டு மாதம் மறைத்ததற்காக. அது நியாயமான கோபம், வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவேளை பாதி தெரிந்தும் இருக்கலாம். இரவு பத்து மணிக்கு வெளிநாட்டு அழைப்பு வராத மென்பொருள்காரரை இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் அவர்.

சொன்ன பிறகும் தூக்கம் வரவில்லை, மனம் வேறு எங்கெங்கோ போகிறது என்றால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அரசின் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மகளுக்கும் தெரியட்டும். பத்தாம் வகுப்பு, தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடத் தோன்றும். அடுத்த மாதம் ஒரு டியூஷனை நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். அதற்கு இன்னொரு பொய் தயார் செய்ய வேண்டாம்.

அன்புடன்.