மருத்துவக் குழுவில் பொருளியலாளருக்கு என்ன வேலை?

கேள்வி: பொருளியலில் முதுகலை முடித்த என் மகள், இங்கிலாந்தில் மருத்துவ நெறிமுறைகளை, அதாவது எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை தரலாம் என்ற பரிந்துரைகளை, தயாரிக்கும் குழு ஒன்றில் சுகாதாரப் பொருளியலாளராகச் சேர விரும்புகிறாள். மருத்துவம் படிக்காதவளுக்கு அங்கே என்ன வேலை? “நோயாளியின் உயிருக்கு விலை வைக்கிற வேலை” என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து மனம் சஞ்சலப்படுகிறது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: அப்படிப்பட்ட குழுவில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் உறவினர் கூறியது பாதிகூடச் சரியில்லை. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவைக்கான நெறிமுறைகளை, 1999-இல் தொடங்கப்பட்ட ‘நைஸ்’ என்ற அமைப்பு வெளியிடுகிறது. ஒவ்வொரு நெறிமுறைக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயை அனுபவித்தவர்கள் ஆகியோர் அடங்கிய குழு கூடுகிறது. ஒரு சிகிச்சை பயன் தருகிறதா என்று ஆய்வாளர்கள் சொல்ல, அந்தப் பயனுக்காக வேறு எதை இழக்கிறோம் என்று சொல்வது பொருளியலாளரின் பொறுப்பு. நிதி அளவுக்கு உட்பட்டது என்பதால், இங்கே கூடுதலாகச் செலவிடும் தொகை வேறொரு நோயாளியின் சிகிச்சையிலிருந்துதான் வர வேண்டும். அந்த நோயாளி கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டார்.

இதற்கான அளவுகோல் ‘குவாலி’, அதாவது வாழ்க்கைத் தரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட வாழ்நாள் ஆண்டு. முழு நலத்துடன் வாழும் ஓர் ஆண்டு 1 என்றால், வலியோடும் நடமாட்டக் குறைவோடும் வாழும் ஆண்டு அதற்குக் குறைவு. கற்பனையாக ஒரு கணக்கு: புதிய சிகிச்சைக்கு 4,000 பவுண்டு கூடுதல் செலவு, கிடைப்பது 0.25 குவாலி என்றால், ஒரு குவாலிக்கு 16,000 பவுண்டு ஆகிறது. நெடுங்காலம் 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்பதே ஏற்கத்தக்க வரம்பாக இருந்தது என்பதால், இது எளிதாகத் தேறிவிடும். பயன் 0.1 மட்டும் என்றால் 40,000 ஆகிவிடும்; விவாதம் சூடுபிடிப்பது அங்கேதான். ஆனால் முடிவு குழுவினுடையது, கணக்குப் போட்டவருடையது அன்று.

வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுபோல் நாள் முழுவதும் கணித மாதிரி, அதாவது சிகிச்சையின் செலவையும் பயனையும் முன்கூட்டிக் கணிக்கும் கணக்கு, கட்டுவதில்லை. ஒரு நெறிமுறையில் பல கேள்விகள் இருந்தாலும் ஓரிரண்டுக்கு மட்டுமே புதிய மாதிரி உருவாக்க நேரம் இருக்கும். எவற்றுக்கு என்று குழுவுடன் பேசித் தேர்ந்தெடுப்பதே, என் பார்வையில், இந்தப் பணியின் கடினமான பகுதி. மற்றவற்றுக்கு ஏற்கெனவே வெளியான பொருளியல் ஆய்வுகளைத் தேடித் தரம் பார்க்க வேண்டும். அவையும் இல்லையென்றால், மருந்து விலை, செவிலியரின் ஒரு மணி நேரச் செலவு ஆகியவற்றை அட்டவணையாக்கி முன்வைக்க வேண்டும். எந்த எண் உறுதியற்றது, அதை மாற்றினால் முடிவும் மாறுமா என்பதைப் பொருளியல் அறியாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்லத் தெரியாவிட்டால், எவ்வளவு நுட்பமான மாதிரியும் பயன்படாது.

ஒருமுறை நோயாளி உறுப்பினர் ஒருவர், “நான் மருத்துவமனைக்கு வந்துபோகும் பேருந்துக் கட்டணம் உங்கள் அட்டவணையில் எங்கே?” என்று கேட்டார். இல்லை என்றுதான் சொல்ல நேர்ந்தது. சுகாதார சேவைக்கும் அரசின் சமூகப் பராமரிப்புக்கும் ஆகும் செலவை மட்டுமே அங்கே அடிப்படைக் கணக்கில் சேர்ப்பார்கள். ஆனாலும் அவர் கேட்டது வீண்போகவில்லை. அடிக்கடி வந்துபோகும் சிரமத்தைக் குழு தனியாக எடைபோட்டது.

கேள்வி: இதற்கு என்ன படிக்க வேண்டும்? இந்தியாவில் வாய்ப்பு உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: சுகாதாரப் பொருளியலில் முதுகலைப் படிப்பு இருந்தால் நல்லது; யார்க், ஷெஃபீல்டு பல்கலைக்கழகங்கள் இத்துறையில் பெயர் பெற்றவை. புள்ளியியல் அடிப்படையும், எக்செல், ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருள் ஆகியவற்றில் பழக்கமும் வேண்டும். இந்தியாவில் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின்கீழ் 2017-இல் தொடங்கப்பட்ட மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு, இதே வகைப் பணியைச் செய்கிறது. விண்ணப்பிக்கும் முன், நைஸ் இலவசமாக வெளியிட்டிருக்கும் பொருளியல் அறிக்கை ஒன்றை பின்னிணைப்புகள் உட்பட முழுமையாகப் படித்துப் பாருங்கள். அந்த அட்டவணைகள் அலுப்பூட்டினால் இப்போதே தெரிந்துகொண்டது நல்லது.