தம்பி பேசாமல் இருப்பதற்கு மாத்திரைதான் காரணமா?

கேள்வி: மனச்சிதைவு நோய்க்காக என் தம்பி சில மாதங்களாக ரிஸ்பெரிடோன் மாத்திரை சாப்பிட்டு வருகிறான். காதில் கேட்ட குரல்களும், தறிப்பட்டறையில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற சந்தேகமும் அடங்கிவிட்டன. ஆனால் என் மகளின் காதுகுத்தில், தாய்மாமனாக அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் முகத்தில் சிரிப்பே இல்லை. சடங்கு முடிந்ததும் யாரோடும் பேசாமல் பந்தலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தான். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள் பங்காளிகள். நிறுத்தலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் அடங்கியிருக்கும் குரல்கள் திரும்பிவரும் அபாயம் பெரிது. ஆனாலும் உங்கள் உறவினர்கள் கண்டதைத் தள்ளிவிட முடியாது.

இந்த மருந்து மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் சந்தேகம் தணிந்ததால்தான் தம்பியால் சபையில் வந்து உட்காரவே முடிந்திருக்கும். அதே டோபமைன் தசைகளின் அசைவுக்கும் மனத்தின் ஆர்வத்துக்கும் வேண்டியிருப்பதால், மருந்தின் அளவு கூடினால் முகம் இறுகி, உள்ளே இருக்கும் மகிழ்ச்சி வெளியே தெரியாமல் போகிறது. மருமகளை மடியில் வைத்திருந்தபோது அவர் மனம் நிறைந்தே இருந்திருக்கலாம். ஓயாமல் நடந்தது, உட்காரவிடாத ஓர் உள்தவிப்பாக இருக்கக்கூடும். மருத்துவத்தில் இதை அகதீசியா என்கிறோம். நோய் முற்றிவிட்டதாக எண்ணி மருந்தைக் கூட்டினால் இந்தத் தவிப்பும் கூடும் என்பதால், இதை மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். அளவைக் குறைத்தோ, மருந்தை மாற்றியோ, புரோப்ரனலால் போன்ற மாத்திரையைச் சேர்த்தோ அவரால் இதைத் தணிக்க முடியும்.

ஒதுங்கியிருப்பது நோயின் கூறாகவும் இருக்கலாம். குரல்களை அடக்குமளவுக்கு இந்த மருந்துகள் அதைப் போக்குவதில்லை. குரல்கள் ஓய்ந்தபின் வரும் மனச்சோர்வும் ஆளைப் பேச்சற்றவராக்கும். எனவே மாத்திரை தொடங்கும் முன்பே அவர் ஒதுங்கினாரா, அளவு கூடிய பிறகா, நடக்கும்போது கைகள் வீசுகின்றனவா, டம்ளரைப் பிடிக்கையில் நடுங்குகின்றனவா என்று பார்த்துத் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று: இம்மருந்தால் ஆண்களுக்குத் தாம்பத்தியத் தொல்லைகளும் வரலாம், அக்காவின் முன் எந்தத் தம்பியும் அதைச் சொல்லமாட்டார். அந்தக் குறிப்பைக் கொடுத்தபின் சற்று நேரம் வெளியே இருந்து, அவரை மருத்துவரோடு தனியே பேச விடுங்கள். போவதற்குள் தவிப்பு அதிகமானால், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் எந்நேரமும் ஆலோசனை கேட்கலாம்.